ஏழு வகைச் சைவம், இருநூற்றுப் பன்னிரண்டு மூடி

அந்தச் சமையற்கூடத்தில் அவரை எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது நாற்பத்து நான்கு. கையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா, ஏப்ரன் பையில் ஸ்டிக்கர் சுருள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "அக்கா, நீங்க எந்த வகை?"

"நான் மிச்சம் இருக்கிற வகை. எது மிஞ்சுதோ அதைச் சாப்பிடுவேன்" என்பார்.

சமையற்கூடம் ஊரின் ஓரத்தில், கிடங்குகள் வரிசையாக நிற்கும் தெருவில் இருக்கிறது. தகரக் கூரை, வழுக்காத சிவப்புத் தரை, ஒரு பக்கம் ஆறு பெரிய அடுப்புகள், நடுவில் நீளமான எஃகு மேஜை. இங்கிருந்து அலுவலகங்களுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் மாநாடுகளுக்கும் பெட்டிச் சாப்பாடு போகிறது. அக்கா சேர்ந்தது இப்போதைய முதலாளியின் அப்பா காலத்தில், காய் நறுக்கும் மேஜைக்கு. அங்கே ஒன்பது வருடம் இருந்தார். கத்தியும் கையும்தான் அங்கே வேலை செய்யும். யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

அவரை அந்த மேஜையிலிருந்து கிளப்பியது ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்று வருடம் முன்பு, ஏதோ ஒரு அலுவலகத்து விருந்துக்குப் போன பெட்டியில் ஒரு துண்டு கேக் இருந்தது. பெட்டி மேல் 'சைவம்' என்று ஒட்டியிருந்தது. மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. கேக்கில் முட்டை இருந்ததா என்று மட்டும் கேட்டார். தலைமைச் சமையல்காரர், அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், போனை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டே மாவு பிசைந்தபடி சொன்னார்: "கொஞ்சமா தான்மா இருக்கும்."

"நான் முப்பது வருஷமா தொட்டதில்லைங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டார்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "முட்டையில எலும்பா இருக்கு?" என்று கேட்டார். அன்று வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு அக்கா போய் முதலாளியிடம் நின்றார். "தம்பி, யார் யார் என்னென்ன சாப்பிட மாட்டாங்கன்னு ஒரு ஆள் கேட்டு எழுதணும். அந்த ஆளா நான் இருக்கேன்."

அப்படித்தான் சிறப்புப் பெட்டிப் பிரிவு ஆரம்பித்தது. பிரிவு என்றால் மேஜையின் கடைசி மூன்று மீட்டரும் அக்காவும்.

கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, சைவம் என்ற ஒரு சொல்லுக்குள் ஊர்வலமே போகிறது என்று. சாப்பாட்டுப் படிவங்களில் வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பும் பெயர்கள் வாயில் நுழையாது. வீகன், லாக்டோ, ஓவோ, லாக்டோ-ஓவோ, பெஸ்கட்டேரியன். மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, "என்னம்மா இது, மருந்துச் சீட்டா?" என்றார். ஆகவே சமையற்கூடத்துக்கென்று தனிப் பெயர்கள் பிறந்தன. பால் உண்டு, முட்டை இல்லை என்றால் பால்காரர். முட்டை உண்டு, பால் இல்லை என்றால் முட்டைக்காரர். இரண்டும் உண்டு என்றால் ரெண்டுங்காரர். இரண்டும் கூடாது, தேனும் கூடாது என்றால் ஒண்ணுமில்லாதவர். வெங்காயம், பூண்டு கூடாது என்றால் மணமில்லாதவர். உருளை, கேரட் மாதிரி மண்ணுக்கு அடியில் விளையும் எதுவும் கூடாது என்பவர் மண்ணுக்குமேலே. அதோடு ஏழாவதாக ஒரு வகை, மீன்காரர். இந்த ஏழாவதை மாஸ்டர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

"மீன் தின்னுட்டு நானும் சைவம்னு ஒருத்தர் சொன்னா, கேட்டுக்கிட்டு நான் கரண்டி பிடிக்கணுமா?"

"அவர் சைவம்னு சொல்லல மாஸ்டர். கறி வேணாம், கோழி வேணாம், மீன் போதும்னு சொல்றார். அது எந்தக் கட்டத்துல வருதுன்னு அவருக்கே தெரியல."

"அப்ப நீச்சல் கட்டத்துல போடு."

படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்களும் உண்டு. ஒருவர் 'பெரும்பாலும் சைவம்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'மனைவி கூட வந்தால் சைவம். வருகிறாரா என்று பிறகு சொல்கிறேன்.' அக்கா அதை வெட்டி எடுத்துத் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

வீட்டிலும் கதை வேறு மாதிரி இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இறைச்சி இல்லாத சாப்பாட்டை அவர் 'முன்னுரை' என்பார். செவிலியர் படிப்பு படிக்கும் மகள், போன வருடம் ஒரு நாள் காலையில் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, இனி பால் வேண்டாம் என்று அறிவித்தாள்.

"பால் குடிக்காம அப்படி என்ன சைவம்? கன்னுக்குட்டி கோவிச்சுக்குதா?" என்றார் அப்பா.

"கோவிச்சுக்குதாம்பா. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"ஏங்க, சும்மா இருங்க" என்றார் அக்கா. "என்கிட்ட பெட்டி வாங்கறவங்கள்ல முப்பத்து நாலு பேர் இப்படி இருக்காங்க. முப்பத்தஞ்சாவதா இவ. அவ்வளவுதான்."

இந்த வருடம் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்கு முப்பத்தெட்டு வயது, அப்பாவைவிட வேகம் அதிகம். கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுவார். ஒவ்வொரு வகைக்கும் மூன்று நிமிடம் கூடுதலாகப் போகிறது என்று கணக்குப் போட்டிருந்தார். மூன்று நாள் மாநாடு ஒன்று வந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்து நூற்று நாற்பது பெட்டி, அதில் இருநூற்றுப் பன்னிரண்டு சிறப்பு. ஒப்பந்தத் தாளை மேஜை மேல் போட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அக்கா, நேரா சொல்லிடறேன். சைவம், அசைவம். ரெண்டே பெட்டி போதும்னு நான் நினைக்கிறேன். நீங்க ஏழு வேணும்ங்கிறீங்க. சரி. இந்த மூணு நாள் ஏழு ஓட்டுங்க. ஒரே ஒரு பெட்டி தப்பான ஆள் கைக்குப் போனாலும் பிரிவை மூடிடறேன். நீங்க திரும்பக் காய் நறுக்கப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம் தம்பி."

அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் மட்டும் சொன்னார். "காய் நறுக்கறது கேவலம் இல்லடி. ஆனா அங்க நான் ஒன்பது வருஷம் வாயைத் திறக்கல. இப்ப தினமும் இருநூறு பேரை விசாரிக்கிறேன். அதை விட்டுட்டுப் போகணுமேன்னு இருக்கு."

முதல் நாள் பிசகில்லாமல் போனது.

இரண்டாம் நாள் நடந்ததைப் புரிந்துகொள்ள, மூடி விஷயம் தெரிய வேண்டும். சூடான சோறு விழுந்ததும் பெட்டி வியர்க்கும். பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் நழுவிவிடும். அதனால் லேபிளை மூடியில்தான் ஒட்டுவார்கள். ஆனால் சோறு விழுந்த உடனே மூடவும் கூடாது. ஏழு நிமிடம் ஆவி விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டு காய் குழைந்துபோகும். அந்த ஏழு நிமிடமும் மூடி அந்தந்தப் பெட்டிக்கு அடியில் கிடக்கும். பிறகு ஒருவர் வரிசையாகப் போய், அடியிலிருந்து உருவி மேலே வைத்து அழுத்துவார். அந்த வேலைக்கு ஒருவர் இருக்கிறார்: மூடி அண்ணன். இருபது வருட அனுபவம். ஒரு மூடிகூட மிஞ்சாது, ஒன்றுகூடக் குறையாது என்பது அவருடைய பெருமை.

காலை பத்தரைக்கு மாநாட்டு மண்டபத்திலிருந்து அழைப்பு. காலைக் கூட்டம் சீக்கிரம் முடிகிறது, சாப்பாட்டை அரைமணி நேரம் முன்னால் அனுப்புங்கள் என்றார்கள். பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி இப்போது பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டும். சமையற்கூடமே ஓடத் தொடங்கியது. சிறப்பு வரிசைக்கு ஆவி போக ஏழு நிமிடம் ஏது என்று மூடி அண்ணன் யோசித்தார். பெட்டிக்கு அடியில் மூடி இருப்பதால் கீழ்ப்பக்கம் காற்றுப் படவில்லை, அதை எடுத்துவிட்டால் நான்கு நிமிடத்தில் ஆறிவிடும். எல்லா மூடியையும் உருவினார். ஒரே அடுக்காக அடுக்கினார். மின்விசிறியைத் திருப்பினார். நான்கு நிமிடம் கழித்து, அடுக்கின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மூடிக்கொண்டே போனார். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு மூடி. ஒன்றும் மிஞ்சவில்லை.

பத்து ஐம்பத்தைந்துக்கு அக்கா பெட்டிகளைக் கூடையில் ஏற்றிக்கொண்டிருந்தார். கையில் எடுத்த பெட்டியின் மேல் 'மணமில்லாதவர்' என்று இருந்தது. உள்ளேயிருந்து பூண்டு வாசம் வந்தது.

திறந்து பார்த்தார். பூண்டுதான். அடுத்ததைத் திறந்தார். 'மீன்' என்று ஒட்டியிருந்த பெட்டிக்குள் வெறும் பூசணிக்காய். மூன்றாவதைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். மூடி அண்ணன் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே உறைத்துவிட்டது.

"தங்கச்சி..."

"அடுக்கிட்டீங்களா அண்ணே?"

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு" என்றார் அவர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பிறகு கிட்டே வந்து மெதுவாக, "யாருக்கும் தெரியாது தங்கச்சி. பாதிக்குக் கிட்ட பால்காரங்க. தானா சரியா விழுந்திருக்கும். நீ வாயைத் திறந்தா உன் பிரிவே போயிடும். எனக்காகச் சொல்லல, உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று நாளும் ஓடிவிடலாம். புகார் வராமலே போகலாம். வெண்ணெயில் வதக்கிய பீன்ஸும் எண்ணெயில் வதக்கிய பீன்ஸும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தின்றவருக்கே தெரியாது.

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போனார்.

"தம்பி, சிறப்புப் பெட்டி இருநூத்திப் பன்னெண்டுலயும் மூடி மாறிடுச்சு. எதுல என்ன இருக்குன்னு மேல எழுதினதை நம்ப முடியாது."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "யாரு மாத்தினது?"

"என் பிரிவு தம்பி. என்னையே கேளுங்க."

"கண்டுபிடிக்காம இருந்தா?"

"போயிருக்கும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெரிய வண்டி பதினொன்றரைக்குக் கிளம்பும். அது நிக்காது. உங்களோடது சின்ன வேன்ல போகட்டும். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்."

பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று இருவருக்குமே தெரியும்.

அக்கா மாஸ்டரைக் கூப்பிட்டார். எல்லா மூடியையும் கழற்றச் சொன்னார். "மாஸ்டர், பார்த்தே சொல்லக்கூடியது எதெல்லாம்?"

"மீனு தெரியும். முட்டை தெரியும். மத்தது வெண்ணெயா எண்ணெயான்னு கடவுள்தான் இறங்கி வந்து நக்கிப் பார்க்கணும்."

"அப்ப சந்தேகம் இருக்கறதெல்லாம் வெண்ணெய்தான்."

இப்படித்தான் அவர் பிரித்தார். மீன் பெட்டி பதினெட்டு. கண்ணுக்குத் தெரிகிறது, மீன்காரருக்குப் போகட்டும். முட்டை இருக்கும் பெட்டியிலிருந்து நாற்பத்தொன்று ரெண்டுங்காரருக்கு. வெண்ணெய் இருந்தாலும் அவர்களுக்குப் பரவாயில்லை. மீனும் முட்டையும் இல்லாததிலிருந்து தொண்ணூற்றாறு பால்காரருக்கு. மிச்சமிருப்பவர்கள் ஐம்பத்தேழு பேர்: ஒண்ணுமில்லாதவர், முட்டைக்காரர், மண்ணுக்குமேலே, மணமில்லாதவர். இவர்களுக்குப் பழைய பெட்டி ஒன்றுகூட ஆகாது.

"புதுசா சமைக்கணும் மாஸ்டர். ஐம்பத்தேழு."

"நாலு வகையா? அரைமணி நேரத்துலயா? என்னைக் கொன்னுடு."

"ஒரே வகை. நாலு பேரும் சாப்பிடறாப்பல. பால் கூடாது, முட்டை கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, மண்ணுக்கு அடியில விளைஞ்சது கூடாது. முட்டைக்காரங்களுக்கு மட்டும் தனியா ஒரு முட்டையைக் காகிதத்துல சுத்திக் கையில குடுத்துடலாம்."

மாஸ்டர் விரல்விட்டு எண்ணினார். "அப்ப என்னதான் கூடும்?"

"முட்டைக்கோஸ், பீன்ஸ், பூசணி, தக்காளி, பருப்பு, மிளகு, சீரகம். சோறு தயாரா இருக்கு."

மாஸ்டர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு, "பெரிய சட்டியைக் கழுவி எடுங்கடா!" என்று கத்தினார். சமையற்கூடத்தில் அவர் கத்தினால் வேலை பாதி முடிந்தது என்று அர்த்தம்.

காய் நறுக்கும் மேஜையிலிருந்து நான்கு பெண்கள் ஓடி வந்தார்கள். அக்கா ஆளுக்கு ஒரு மார்க்கர் கொடுத்தார்.

"எந்தப் பேரை எழுதணும்க்கா? பால்காரரா, ஒண்ணுமில்லாதவரா?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். எந்தப் பெட்டிக்கு இப்போது எந்தப் பெயர்? ஐம்பத்தேழு பெட்டியும் நான்கு வகைக்குப் பொது. மற்றவையும் கலந்துதான் கிடக்கின்றன. யாருடைய பெயரை எழுதினாலும் அது பாதிப் பொய்.

"ஆள் பேரை எழுத வேணாம். உள்ள என்ன இருக்கு, என்ன இல்லைன்னு மட்டும் எழுதுங்க. பழைய பெட்டியில 'வெண்ணெய் இருக்கலாம்'னு கட்டாயம் போடுங்க. பெட்டியோட பக்கவாட்டுல எழுதுங்க, மூடியில ஒரு எழுத்துகூட வேணாம். ஈரத்தைத் துடைச்சுட்டு எழுதுங்க. புதுப் பெட்டியில சோறு போடறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க."

மூடி அண்ணன் யாரும் சொல்லாமலே ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து நீட்டினார். தலை நிமிரவே இல்லை.

பெரிய வண்டி நேரத்துக்குப் போய்விட்டது. சின்ன வேன் பதினொன்று நாற்பத்து நான்குக்குக் கிளம்பியது. அக்காவும் முதலாளியும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிடப் பயணத்திலும் அக்கா, யார் யாருக்கு எந்த வகை என்ற பெயர்ப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் தொள்ளாயிரம் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிறப்பு மேஜைக்கு முன்னால் இருநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏற்பாட்டாளர் ஒருவர் கழுத்து அடையாள அட்டை ஆட ஓடி வந்தார். "என்னங்க இது, பசியில ஆளாளுக்கு என்னை முறைக்கிறாங்க!"

பெட்டிகளை அடுக்கியதும் முதல் வரிசையிலிருந்து கேள்வி வந்தது. "வீகன் எது?"

"அப்படி எழுதலைங்க. பெட்டியோட பக்கவாட்டுல எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாருங்க. உங்களுக்கு எது ஆகுமோ அதை எடுங்க. சந்தேகம்னா என்னைக் கேளுங்க."

கொஞ்சம் முணுமுணுப்பு. பிறகு எல்லோரும் குனிந்து படிக்க ஆரம்பித்தார்கள். புத்தகக் கண்காட்சியில் பக்கம் புரட்டுகிற கூட்டம் மாதிரி இருந்தது. ஓர் உயரமான மனிதர் இரண்டு பெட்டியை எடுத்து மாறிமாறிப் படித்தார். "நான்தாங்க பெரும்பாலும் சைவம்" என்று தானாகவே அறிமுகம் செய்துகொண்டார்.

"இன்னிக்கு எப்படிங்க? பெரும்பாலா, சிறுபாலா?"

"மீன் இருக்கா?"

"பதினெட்டுதான். அது கேட்டவங்களுக்கு."

"அப்ப சைவம்" என்று பூசணிக்காய்ப் பெட்டியோடு போனார். அவர் எடுத்தது பால்காரர் பெட்டி என்பதை அக்கா பார்த்துக்கொண்டார். பெயர் கேட்டுப் பட்டியலிலும் குறித்தார்.

குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண் புதுப் பெட்டியை எடுத்து இரண்டு முறை படித்தார். 'பால் இல்லை. முட்டை இல்லை. வெங்காயம், பூண்டு இல்லை. மண்ணுக்கு அடியில் விளைந்தது எதுவும் இல்லை.' அவர் நிமிர்ந்து, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

முதலாளி ஓரடி முன்னால் வந்தார்.

"நாங்கதாங்க. ஏதாவது தப்பா?"

"கேரட் சாப்பிட மாட்டேன்னு சொன்னா, ஏன், எதுக்கு, உடம்புக்கு ஒத்துக்காதா, எந்த ஊரு, எந்தக் கூட்டம்னு சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் பதில் சொல்லணும். எதையும் சொல்லாம நான் எடுத்துக்கிட்டுப் போற முதல் பெட்டி இது." சொல்லிவிட்டு, கரண்டி இருக்கிற இடத்தைத் தேடிப் போய்விட்டார்.

பதினைந்து நிமிடத்தில் மேஜை காலியாகிவிட்டது. அக்கா பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை சரிபார்த்தார். முட்டையைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு போன பன்னிரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் வேன் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது அக்காவே ஆரம்பித்தார். "சொல்லுங்க தம்பி. எப்ப இருந்து காய் மேஜைக்குப் போகணும்?"

"தப்பான ஆள் கைக்கு எந்தப் பெட்டி போச்சு?"

"எதுவும் போகல."

"அப்புறம் என்ன?"

"பதினாலு நிமிஷம் லேட்டு. ஏற்பாட்டாளர் சத்தம் போட்டாரே."

"தப்பாப் போனா மூடறேன்னு சொன்னேன். லேட்டைப் பத்தி நான் வாயே திறக்கலையே." விளக்கு பச்சையானது. முதலாளி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்தார். "ஏழு வகைக்கு ஏழு சட்டி வைக்காம, இன்னிக்குப் பண்ணின மாதிரி அந்த நாலையும் ஒரே சட்டியில போட்டா எத்தனை நிமிஷம் மிச்சம் ஆகும்?"

"ஒம்பது. மாஸ்டர் திட்டற நேரமும் மிச்சம்னா பதினொண்ணு."

"நாளைக்குக் காலியா இருக்கும்போதே எல்லாப் பெட்டியிலயும் எழுதிடுங்க."

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே மேஜை மேல் இருநூற்றுப் பன்னிரண்டு காலிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் உள்ளே வரப்போவது என்ன என்று எழுதியிருந்தது. மூடிகள் வெறுமையாக, எந்தப் பெட்டிக்கும் பொருந்துகிற மாதிரி, தனியே கிடந்தன. வேன் ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பியது.

மாலை முதலாளி வந்து, பிரிவு இருக்கும், வேலையும் கூடப்போகிறது, இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். காய் மேஜைப் பெண்கள் நால்வரும் ஒரே நேரத்தில் அக்காவைப் பார்த்தார்கள்.

"மூடி அண்ணனைக் குடுங்க தம்பி" என்றார் அக்கா.

கழுவிக்கொண்டிருந்த கூடை மூடி அண்ணனின் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. "என்னையா? தங்கச்சி, நான் பண்ணினது தெரிஞ்சுமா?"

"அதனாலதான் அண்ணே. இந்தக் கூடத்துலயே பெட்டியை மூடறதுக்கு முன்னாடி இனிமே ஒருத்தர் படிச்சுப் பார்ப்பாருன்னா, அது நீங்கதான்."

அவர் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா ஒரு மார்க்கரை அவரிடம் நீட்டினார். அடுத்த வாரத்துக்கான படிவக் கட்டு மேஜை மேல் இருந்தது. இருவரும் முதல் தாளைப் பிரித்தார்கள்.

"இதப் பாரு தங்கச்சி" என்றார் மூடி அண்ணன், எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு. "'காளான் சைவமா இல்லையா என்று முடிவு செய்யவில்லை'ன்னு எழுதியிருக்காரு. இதுக்கு என்ன பண்றது?"

"போன் நம்பர் இருக்கா பாருங்க. கூப்பிட்டுக் கேட்போம்."